முதல் பாதி பரவால்ல

சாமளாபுரத்துக் குடோனில்
இருபத்தி நாலு தறி ஓடும்போது
ஒரு படத்தைப் பற்றிப் பேச
வாய் மட்டும் போதாது.

விரலைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தால்
செம இழுவை.
உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்தால்
இடைவேளைக்கு அப்புறம் தூங்கிட்டேன்.
காதுக்குள் சுண்டுவிரல் விட்டு ஆட்டினால்
மியூசிக் காதைக் கிழிக்குது.
இதைச் சொல்கிறவன் சென்னியப்பன்,
பதினேழு வருசமாகத் தறிக்கு நடுவில் நின்று
பாதிக் காதை இங்கேயே விட்டவன்.

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில் பார்த்தோம்,
சொல்லி வைக்காமல் ஆளுக்கொரு ஆட்டம்.
சனிக்கிழமைக் கூலியில் நூத்தி அறுபது போச்சு,
பாப்கார்ன் வாங்காமலேயே.

திங்கட்கிழமை
என் நாலாம் தறி ஊடை அறுந்து நின்ற நேரம்
தெய்வாத்தா எதிர்வரிசையிலிருந்து
உதட்டால் கேட்டாள்: எப்பிடிங்?

கையைப் படுக்கப் போட்டு
இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.
முதல் பாதி பரவால்ல.
வில்லன் தேவலை. இல்லாத மீசையைத் தடவிக் காட்டினேன்.
அவளுக்கோ முழுசாகப் பிடித்திருந்தது.
அதிலும் அந்த ஆஸ்பத்திரி வராந்தா அழுகை.
கண்ணிலிருந்து தாடை வரைக்கும்
விரலால் ரெண்டு கோடு இழுத்தாள்.

எனக்கு ஒட்டாமல் போனது அங்கேதான்.
சத்தத்துக்குள்ளேயே கிடந்து
உதடு படித்துப் பழகின கெட்ட பழக்கம்.
சென்சார்காரர்கள் அமுக்கின வார்த்தையை
தியேட்டரில் நான் முழுசாகக் கேட்டேன்.
ஹீரோ 'என் மண்ணு' என்று கர்ஜித்தபோது
அவர் வாய் வேறெதையோ மென்றுகொண்டிருந்தது.
அந்தப் பெண் குமுறியபோது
'என்னய விட்டுட்டுப் போயிட்டியே' என்று ஒரு குரல்.
உதட்டில் தமிழே இல்லை.
என்ன பாஷை என்றும் பிடிபடவில்லை.

இத்தனையையும் சைகையில் எங்கே சொல்ல?
உதட்டைத் தொட்டேன், கையை விரித்தேன்.
ஆமாங், சாயம் ஜாஸ்திதான் என்று
தலையாட்டிவிட்டுப் பாவு பார்க்கப் போய்விட்டாள்.

தார்ப்பெட்டி தூக்கி வந்த திகம்பர்
நடுவில் புகுந்து விரல் விரலாக நீட்டினான்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
ஒடிசாப் பையன், வந்து எட்டு மாசம்.
நாலு தடவை பார்த்திருக்கான் போல,
காசு ஏது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.

தறிகள் நின்றது சென்னியப்பனுக்குத் தெரிய
ஒரு வாக்கியம் ஆயிற்று.
'அந்தாளுக்கு வயசாயிப்போச்சு,
சண்டைக்குப் பதிலா பேரனத் தூக்கி வெச்சுக்கலாம்'
என்று தொண்டை கிழியக் கத்தியது
தெருமுக்கு வரைக்கும் போனது.
ஆபீஸ் ரூமில் முதலாளி மகன்
அதே ஹீரோவின் போஸ்டருக்குக் கீழே
கணக்கு எழுதிக்கொண்டிருந்தான்.
பேனா நின்றதுகூடக் கேட்டது.

அதற்கப்புறம் யாருக்கும் அபிப்பிராயம் இல்லை.
அமைதியில் எங்களுக்குப் பேச்சு வராது.
கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்
பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

திகம்பர்தான் மெதுவாகச் சொன்னான்:
'அக்கா, அந்தப் பொண்ணு அழுவுதுல்ல,
அது இந்தி. நம்பர்.
ஏக், தோ, தீன், சார்...
பதினாலு வரைக்கும் எண்ணுது.
அப்புறம் மறந்துபோயி
ஒம்பதுல இருந்து மறுபடி.'

சிரித்த சிரிப்பில்
சென்னியப்பன் பீடி கீழே விழுந்தது.
வசனம் தெரியாமல் எண்களைச் சொல்லி
நூத்தி அறுபது ரூபாய்க்கு
நம்மை அழ வைத்துவிட்டாளே!

தெய்வாத்தா சிரிக்கவில்லை.
அறுந்த இழையை விரலில் முறுக்கியபடி
'கண்ணு செவந்துச்சா இல்லீங்ளா?' என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
'எண்ணீட்டே அழுவறது என்னத்தப் புதுசு...
எங்கூட்டுக்காரரப் பொதச்ச மறுவாரம்
இந்தத் தறியில நானு'

கரண்ட் வந்துவிட்டது.
இருபத்தி நாலு நாடாவும் ஒரேயடியாகப் பறக்க
அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.
படித்திருக்கலாம்.
ஆறடி தூரம்தான், வெளிச்சமும் இருந்தது.
நான் திரும்பிக்கொண்டு
நாலாம் தறிக்குத் தார் மாற்றினேன்.

படம் எப்படி என்று கேட்டால்
இப்போதும் கையைப் படுக்கப் போட்டு ஆட்டுவேன்.
முதல் பாதி பரவால்ல.
இரண்டாம் பாதியை
இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.